மூத்த நடிகையரை ரசிகர் மாநாட்டுக்கு அழைப்பவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் 2024 பிப்ரவரியில் காமிக்ஸ், திரைப்பட ரசிகர்கள் கூடும் மாநாடான காமிக் கான் முதன்முறையாக நடந்ததிலிருந்து, அறிவியல் புனைகதைப் படங்களையும் தொடர்களையும் நேசிக்கும் நம் இளைஞர்கள் சிலர் ஓர் ஆசையைச் சொல்லக் கேட்கிறேன். தங்கள் பெற்றோர் காலத்து ஹாலிவுட் படங்களில் நடித்த மூத்த நட்சத்திரங்களை ஒருமுறையாவது இங்கே அழைத்துவர வேண்டும் என்பதே அது. நியாயமான ஆசைதான். ஆனால் அழைக்கப்படுபவர் எண்பது வயதைக் கடந்த நடிகையாக இருக்கும்போது அந்த அழைப்பு எப்படி நடக்க வேண்டும் என்பதைப் பற்றிப் போதிய அளவு பேசப்படவில்லை. கலிபோர்னியாவில் வசிப்பவன், அங்கு நடக்கும் ரசிகர் மாநாடுகளில் விருந்தினர் மேசைகளுக்கு அருகே தன்னார்வலனாக நின்று பழகியவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மூத்த நடிகை ஒருவரை மாநாட்டுக்கு அழைக்கும் பேச்சு, பெரும்பாலும் அவருடைய ஏஜென்டிடமோ மேனேஜரிடமோதான் தொடங்குகிறது. விமானப் பயணம், விடுதி, உணவுப்படி, துணைக்கு வரும் ஒருவருக்கான செலவு ஆகியவற்றோடு ஓர் உத்தரவாதத் தொகையும் பேசி முடிக்கப்படும். ஆட்டோகிராஃபிலும், கூட நின்று படம் எடுத்துக்கொள்வதிலும் அவருக்குச் சேரும் பணம் அந்தத் தொகையை எட்டாவிட்டால் குறைவதை அமைப்பாளர் ஈடுகட்ட வேண்டும். தாண்டிவிட்டால் மிகுதி நடிகைக்குப் போகும். காகிதத்தில் பார்த்தால் நடிகைக்குப் பாதுகாப்பான ஏற்பாடு போலவே தோன்றும். நடைமுறையிலோ, உத்தரவாதத் தொகையை எட்டும்வரை வரிசை வேகமாக நகர வேண்டும் என்பது அமைப்பாளரின் அக்கறையாகவும், எட்டிய பிறகு அது இன்னும் நீள வேண்டும் என்பது பங்கு பெறும் மேனேஜரின் அக்கறையாகவும் ஆகிவிடுகிறது. நடுவில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுபவரின் மணிக்கட்டும் முதுகும் யாருடைய கணக்கிலும் வருவதில்லை.

அந்த மேசையில் நடப்பதை விவரித்தால்தான் இது விளங்கும். ரசிகரின் பெயரை உதவியாளர் ஒரு சிறு தாளில் எழுதி, கையெழுத்திட வேண்டிய படத்தின் மேல் ஒட்டிவிடுவார். நடிகை அதைப் பார்த்து எழுதுவார். பணத்தை வாங்குபவர் வேறு ஒருவர். இடையில் மேடை நிகழ்ச்சிக்கு அழைப்பு வரும். அதை முடித்துக்கொண்டு படம் எடுக்கும் கூடத்துக்குப் போனால், அங்கே ஒவ்வொருவருக்கும் சில விநாடிகளே ஒதுக்கப்படுவதால், வரிசை தீரும்வரை நின்றபடியே புன்னகைக்க வேண்டியிருக்கும். நாற்பது வயது நடிகருக்கே இது களைப்பூட்டும் வேலை.

இவ்வளவு சிரமப்பட்டு இவர்கள் ஏன் வருகிறார்கள் என்று சிலர் கேட்கலாம். ரசிகர்களின் அன்பு ஒரு காரணம் என்பதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். ஆனால் பணமும் காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதில் நடிகையருக்கு எந்த இழுக்கும் இல்லை. அமெரிக்கத் திரை நடிகர்கள் சங்கம் 1960-இல் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான், திரைப்படங்கள் தொலைக்காட்சியில் காட்டப்படும்போது நடிகர்களுக்கும் பங்கு தரத் தயாரிப்பு நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. அதற்கு முந்தைய படங்களுக்கு அந்தப் பங்கு கிடையாது. அவற்றுக்கு மாற்றாகச் சங்கத்தின் ஓய்வூதிய, மருத்துவ நிதிக்கு ஒரு மொத்தத் தொகை கொடுக்கப்பட்டது. ஆகவே, 1954-இல் வெளிவந்த 'கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்' படத்தின் நாயகி ஜூலி ஆடம்ஸுக்கு, அந்தப் படம் அதற்குப் பின் எத்தனை முறை ஒளிபரப்பானாலும் அதன் பேரில் பங்குத்தொகை வர வழியில்லை. அவர் முதுமையிலும் ரசிகர் கூட்டங்களுக்கு வந்து, தம் மகனோடு சேர்ந்து எழுதி 2011-இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். 2019-இல் தமது 92-ஆம் வயதில் காலமானார். தொலைக்காட்சித் தொடர்களின் நிலையும் நெடுநாள் இப்படித்தான் இருந்தது. சங்கம் செய்துகொண்ட 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்கு முன் எடுக்கப்பட்ட தொடர்களுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான மறுஒளிபரப்புகள் வரைதான் பங்கு உண்டு. 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பாகி, பிறகு உலகம் முழுவதும் ஓயாமல் மறுஒளிபரப்பான 'ஸ்டார் டிரெக்' என்ற விண்வெளிப் பயணத் தொடரின் நடிகர்கள் அந்த வரம்புக்குள் அகப்பட்டவர்கள். ஒளிபரப்பு தராத வருமானத்தை அவர்களுக்கு ரசிகர் மாநாடுதான் தந்தது.

அந்த நடிகர்களுள் ஒருவரான நிஷல் நிக்கோல்ஸைப் பற்றிச் சற்று விரிவாக எழுதத் தாங்கள் இடமளிக்க வேண்டும். நான் சொல்ல வருவதன் இரு பக்கங்களும் அவருடைய வாழ்க்கையில் இருக்கின்றன. இல்லினாய் மாநிலத்தின் ராபின்ஸ் என்ற ஊரில் 1932-இல் பிறந்த அவர், விண்கலத்தின் தகவல் தொடர்பு அதிகாரி உஹுராவாக மேற்சொன்ன தொடரிலும், 1979 முதல் 1991 வரை வெளியான ஆறு திரைப்படங்களிலும் நடித்தார். முதல் ஆண்டோடு விலகிவிட நினைத்திருந்த தம்மை, அந்த வேடம் கறுப்பின மக்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று எடுத்துச்சொல்லித் தொடர வைத்தவர் மார்ட்டின் லூதர் கிங் என்று அவர் பலமுறை கூறியிருக்கிறார். தொடர் நின்றுபோன பிறகு, 1972 ஜனவரியில் நியூயார்க்கின் ஸ்டாட்லர் ஹில்டன் விடுதியில் ரசிகர்களே ஒரு மாநாடு கூட்டினார்கள். சில நூறு பேரை எதிர்பார்த்த இடத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். மாநாடு என்னும் இந்த வழக்கம் வேரூன்ற அது பெரிதும் உதவியது.

நிக்கோல்ஸின் வாழ்வில் மாநாடுகளுக்கு வருமானத்தைத் தாண்டிய இடமும் உண்டு. 1975-இல் சிகாகோவில் நடந்த இத்தகைய மாநாடு ஒன்றில்தான், நாசா விஞ்ஞானி ஜெஸ்கோ வான் புட்காமரின் உரையை அவர் கேட்டார். விண்வெளி வீரர்களில் பெண்களும் கறுப்பினத்தவரும் ஏன் இல்லை என்ற கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது. 1977-இல் நாசாவுக்காக ஆட்களைத் திரட்டும் பணியை ஏற்று நாடெங்கும் பயணம் செய்தார். மறு ஆண்டு தேர்வான 35 பேரில் ஆறு பெண்கள் இருந்தார்கள். விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கப் பெண் என்று பின்னர் பெயர்பெற்ற சாலி ரைடும், கறுப்பினத்தைச் சேர்ந்த கையன் புளூஃபோர்டும் அந்த அணியினரே. ஒரு நடிகையை மேடைக்கு அழைத்து அவர் பேச்சைக் கேட்பதால் என்ன விளையக்கூடும் என்று ஐயப்படுவோருக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அதே நிக்கோல்ஸுக்கு 2015-இல் லேசான பக்கவாதம் ஏற்பட்டது. 2018-இல் அவருக்கு டிமென்ஷியா எனும் மறதி நோய் இருப்பது வெளியே தெரியவந்தது. அவருடைய மகன், தாயின் உடல்நலத்தையும் சொத்தையும் கவனிக்கச் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்குமாறு லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றத்தை நாடினார். அவரைச் சுற்றியிருந்த வேறு சிலர் அதை எதிர்த்தார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. அவர்களுள் யார் பக்கம் நியாயம் இருந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அந்த ஆண்டுகளில் அவரை ஒரு மாநாட்டுக்கு ஒப்பந்தம் செய்ய விரும்பிய அமைப்பாளர் ஒருவரின் இடத்திலிருந்து மட்டும் பார்க்கிறேன். யாரிடம் பேசுவது? யாருடைய கையெழுத்து செல்லும்? கொடுக்கும் பணம் யாருடைய கணக்குக்குப் போகிறது? எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வார இறுதியில் தாம் எங்கே, எதற்காக உட்கார வைக்கப்பட்டிருக்கிறோம் என்பது அவருக்கே தெரியுமா? காமிக்ஸ் உலகின் மூத்தவரான ஸ்டான் லீயின் கடைசி ஆண்டான 2018-இலும் மாநாட்டு மேசைகளைப் பார்த்தவர்கள் இதே கேள்விகளைக் கவலையோடு எழுப்பினார்கள். விழா நடந்து முடிந்த பிறகு எழுப்புவதால் இந்தக் கேள்விகளுக்குப் பயனில்லை; ஒப்பந்தம் எழுதப்படும் நாளிலேயே இவற்றுக்கு விடை கிடைத்தாக வேண்டும்.

2021 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் காமிக் கானில் நிக்கோல்ஸுக்கு நடந்த பிரியாவிடை விழாவை, பெரும்பாலும் செம்மையாக அமைந்த ஒன்றாகவே கருதுகிறேன். அது அவரது கடைசி மாநாடு என்பது முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. மேடையில் அவர் பேச வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. கூட்டத்தை நோக்கிக் கையசைத்தார், காற்றில் முத்தங்களை அனுப்பினார். அவருடைய வாழ்க்கையைப் பற்றி மற்றவர்கள் பேசினார்கள். அடுத்த ஆண்டு ஜூலை 30 அன்று, நியூ மெக்சிகோ மாநிலத்தின் சில்வர் சிட்டியில் தமது 89-ஆம் வயதில் அவர் மறைந்தார். அந்த டிசம்பர் விழாவை அவரிடமிருந்து எவ்வளவு பெற முடியும் என்ற கணக்கோடு அமைத்திருந்தால், நினைக்கவே மனம் கூசும் காட்சிகள் அரங்கேறியிருக்கக்கூடும்.

ஆகவே, மூத்த நடிகை ஒருவரை அழைக்க எண்ணும் எந்த அமைப்பாளரும், அவர் சார்பில் பேசுபவருக்கு அந்த அதிகாரம் உண்மையிலேயே இருக்கிறதா என்பதை ஆவணம் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். நீதிமன்றம் பாதுகாவலரை நியமித்திருந்தால் அவருடைய ஒப்புதல் இன்றி ஒரு ரூபாயும் கைமாறக் கூடாது. அதற்குப் பிறகும் நடிகையோடு நேரிலோ காணொளி அழைப்பிலோ ஒருமுறையாவது பேசாமல் அறிவிப்பு வெளியிடுவது முறையல்ல. ஏஜென்ட் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், வரப்போகிறவர் வாயிலிருந்து 'வருகிறேன்' என்ற சொல்லைக் கேட்பதற்கு அது ஈடாகாது. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எத்தனை கையெழுத்து, எத்தனை படம் என்ற வரம்பை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். அந்த வரம்பைக் கணக்கிட்ட பிறகே உத்தரவாதத் தொகையை நிர்ணயிக்க வேண்டுமே தவிர, தொகையை முதலில் பேசிவிட்டு அதற்கேற்ப நேரத்தை நீட்டக் கூடாது. படம் எடுக்கும் கூடத்தில் அவர் நாற்காலியில் அமர்ந்திருக்க, ரசிகர்கள் பக்கத்தில் வந்து நிற்கலாம். துணைக்கு வருபவரை அவரே தேர்ந்தெடுக்க வேண்டும். மேசையில் பணம் வாங்குபவரே துணையாளராகவும் இருப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். உடல்நிலை காரணமாகக் கடைசி நாளில் வர இயலாமல் போனால் அவர்மீது எந்தத் தண்டத் தொகையும் விழக் கூடாது.

சென்னையைப் பொறுத்தவரை தூரமே ஒரு தனிச் சிக்கல். கலிபோர்னியாவிலிருந்து இடையில் விமானம் மாறி வந்துசேர இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும். குளிர்காலத்தில் நேர வேறுபாடு பதின்மூன்றரை மணி. இளைஞர்களுக்கே இரண்டு மூன்று நாள் தூக்கம் கெடும். இதைத் தாங்கக்கூடிய உடல்நிலை இருந்து, மருத்துவரும் சம்மதித்து, அவரும் விரும்பினால் தாராளமாக வரட்டும். மாநாட்டுக்குச் சில நாட்கள் முன்னரே வரவழைத்து ஓய்வு கொடுப்பதும், இங்கே செல்லத்தக்க மருத்துவக் காப்பீடு எடுப்பதும் அழைப்பவரின் பொறுப்பு. இயலாது என்றால் வேறு வழிகள் இருக்கின்றன. படங்களை அவர் வீட்டுக்கே அனுப்பி, அவருக்குத் தோதான நேரத்தில் கையெழுத்து பெற்றுத் திரும்ப வரவழைக்கும் வழக்கம் அமெரிக்காவில் நெடுநாளாக உண்டு. அரங்கில் பெரிய திரை வைத்து அரைமணி நேரம் அவரோடு உரையாடலாம். அதற்கும் அவருக்குரிய தொகையைக் கொடுத்தாக வேண்டும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, வயதானவர்களை வீட்டில் நிம்மதியாக இருக்கவிடுங்கள் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வயதைக் காரணம் காட்டி அழைக்காமல் விடுவது, அவர் சார்பில் நாமே முடிவெடுப்பதாகும். நாற்பதைத் தாண்டிய நடிகைக்கு நல்ல வேடம் அரிதாகிவிடும் தொழிலில், அவர் இளமையில் செய்த வேலையை இன்றும் மதித்து, அதைப் பற்றிக் கேள்வி கேட்கும் கூட்டம் கிடைக்கும் இடம் மாநாடு ஒன்றுதான். எழுபத்தைந்து வயதைக் கடந்த ஒரு நடிகை, தம் படத்தின் ஒளிப்பதிவைப் பற்றி ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு, பின்னால் வரிசை காத்திருப்பதையும் மறந்து நெடுநேரம் பதில் சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். பின்னால் நின்றவர்கள் யாரும் முணுமுணுக்கவில்லை. நம் ரசிகர்களும் அப்படியே நடந்துகொள்வார்கள் என்று நம்புகிறேன். நுழைவுச் சீட்டு விற்கும்போதே, விருந்தினரின் நேரம் குறையலாம் என்றும், அப்படிக் குறைந்தால் கட்டணம் திருப்பித் தரப்படும் என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டால் ஏமாற்றமும் கோபமும் பெருமளவு தவிர்க்கப்படும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். இன்ன நடிகை வருகிறார் என்று அமைப்பாளர்கள் செய்திக்குறிப்பு அனுப்பும்போது, அதை அப்படியே வெளியிடுவதற்கு முன், அவரோடு நேரடியாகப் பேசினார்களா, அவர் சார்பில் கையெழுத்திட்டவர் யார், நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் அமர்வார் என்ற மூன்று கேள்விகளைத் தங்கள் செய்தியாளர் கேட்க வேண்டும். கிடைத்த விடையைச் செய்தியோடு சேர்த்து அச்சிட வேண்டும். விடை கிடைக்காவிட்டால் அதையும் அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கலிபோர்னியா