செயலாளர் ஆண்டறிக்கை: நம் ஒளிமானிகளுக்கு முதலில் அளவுதிருத்தம்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன, பிள்ளைகளுக்கான இரவு வான் நிகழ்ச்சி மட்டும் புயல் எச்சரிக்கையால் தள்ளிப்போய்ப் பிறகு நல்லபடியாக நடந்தது. நான் விரிவாகச் சொல்ல வேண்டியது பள்ளிகளில் நாம் வைத்திருக்கும் சூரிய ஒளிமானிகளை, அதாவது சூரியனிலிருந்து நேராக வரும் ஒளியை அளக்கும் கருவிகளைப் பற்றித்தான், ஏனென்றால் இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பகுதி அதற்கே போயிற்று, புதிதாகச் சில வாங்கலாமா என்ற கேள்வியும் இன்று கூட்டத்தின் முன் இருக்கிறது. என் கருத்து, இப்போது வாங்க வேண்டாம். அந்தப் பணத்தை இருக்கும் கருவிகளின் அளவுதிருத்தத்துக்கு, அதாவது அவை காட்டும் எண்ணைச் சரிபார்த்துத் திருத்தும் வேலைக்கு ஒதுக்குவோம்.

ஏன் என்று சொல்கிறேன். ஒளிமானி நமக்குக் காட்டுவது வெறும் வோல்ட் கணக்கு. அதிலிருந்து காற்றில் தூசியும் புகையும் கடலுப்பும் எவ்வளவு ஒளியை மறைக்கின்றன என்று கணக்கிட வேண்டுமானால், காற்றே இல்லாத உயரத்தில் இதே கருவி எவ்வளவு காட்டியிருக்கும் என்பது தெரிய வேண்டும். அந்த எண்ணில் 10 சதவீதம் பிசகினால், சூரியன் உச்சியில் இருக்கும்போது தூசியின் ஒளியியல் தடிமனில், அதாவது அது ஒளியை மறைக்கும் அளவைச் சொல்லும் எண்ணில், சுமார் 0.1 பிசகும் (புகையையும் கடலுப்பையும் சேர்த்தே தூசி என்கிறேன்). மொரீஷியஸில் நம்மைச் சுற்றியுள்ள கடற்காற்றில் சுத்தமான நாளில் தூசியின் மொத்தத் தடிமனே அவ்வளவு வராது! அப்புறம் எத்தனை பள்ளிகளில் எத்தனை கருவி வைத்து என்ன பயன்?

அந்த எண்ணைக் கண்டுபிடிக்கும் வழி பழையது. 1881இல் கலிபோர்னியாவின் விட்னி மலைக்குக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு போன அமெரிக்க விஞ்ஞானி சாமுவேல் லாங்லியின் பெயரால்தான் இன்றும் அதைச் சொல்கிறோம். சூரியன் சாயச் சாய ஒளி கடந்து வரும் காற்றின் அளவு கூடுகிறது. வோல்ட்டின் மடக்கையை அதற்கெதிராகப் புள்ளி வைத்து, கோட்டைக் காற்று பூஜ்யம் வரை நீட்டினால் எண் கிடைத்துவிடும். ஒரே நிபந்தனை, அந்த நேரம் முழுவதும் வானம் மாறாமல் இருக்க வேண்டும்.

மொரீஷியஸில் அதுதான் கஷ்டம். மேட்டு நிலத்துக் கியூர்ப்பிப் பக்கம் மேகம் விலகுவதே அரிது. மேற்குக் கரையில் காலை வேளை கிழக்கே மலையும் அதன்மேல் மேகமும் மறைக்கும். அதனால் ஜூன், ஜூலையில் அதே மேற்குக் கரையில் தாமரின் என்ற ஊரின் கடற்கரையில் பிற்பகலைத் தேர்ந்தெடுத்தோம். 3 மணியிலிருந்து 4.30 தாண்டும் வரை சூரியன் கடல் பக்கம் இறங்கும், ஒளி கடந்து வரும் காற்றின் அளவு, சூரியன் உச்சியில் இருக்கும்போது உள்ளதைப்போல் 2 மடங்கிலிருந்து 5 மடங்கு வரை போகும். கருவியின் முன்தகட்டின் துளை வழியாக வரும் சின்ன ஒளிப்பொட்டைப் பின்தகட்டுப் புள்ளியில் நிறுத்தி, எண் ஏறி இறங்குவதைப் பார்த்து, அதிகபட்சத்தை ஒருவர் உரக்கச் சொல்ல இன்னொருவர் நேரத்தோடு எழுதினார். பிறகு துளையை மூடி இருட்டு அளவையும் எழுதிக் கழித்தோம். கடைசி அரைமணியில் சூரியன் வேகமாகத் தாழ்வதால் மூச்சுவிட நேரமில்லை, அந்த நேரத்தில் இளைஞர்கள் காட்டிய பொறுமைக்கு என் மனமார்ந்த நன்றி. தேநீரும் நிழலும் கொடுத்த தாமரின் ஊர் அக்காவுக்கும்தான்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்தாலே எல்லாம் சரி என்று ஆகிவிடாது. தூசி மெதுவாக ஒரே சீராகக் கூடினாலும் கோடு நேராகவே இருக்கக்கூடும், ஆனால் நீட்டிய முனை தவறான இடத்தில் போய் நிற்கும். ஒரு நாள் கோட்டை நம்பாமல் பல நாள் சராசரி எடுப்பது அதனால்தான். பூமி-சூரியன் தூரத்தையும் மறக்காதீர்கள்: ஜனவரித் தொடக்கத்தில் வரும் ஒளி ஜூலையைவிடச் சுமார் 7 சதவீதம் அதிகம். காற்று மூலக்கூறுகள் சிதறடிக்கும் பங்கு, பச்சை ஒளியில், பெரும்பாலும் தூசியின் பங்கைவிடப் பெரியது. அந்தப் பங்கு காற்றழுத்தத்தைப் பொறுத்தது, அதனால் அதையும் கூடவே குறிக்க வேண்டும்.

உலக ஒளிமானி வலையமைப்பான ஏரோநெட், தன் மூலக்கருவிகளை ஹவாயில் 3,397 மீட்டர் உயரத்து மௌனா லோவாவில் திருத்தி, மற்றவற்றை அவற்றோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறது. நாமும் அப்படியே செய்யலாம். நம் தீவின் உச்சியே 828 மீட்டர்தான், சரி, ஆனால் பக்கத்தில் ரெயூனியன் தீவு இருக்கிறதே! மைதோ மலைமேல் 2,160 மீட்டரில் வளிமண்டல ஆய்வுக்கூடமே இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு காலடியில் போய்விடும், கடலுப்பும் பெரும்பாலும் கீழேயே தங்கும். இரண்டு கருவிகளை மட்டும் அங்கே கொண்டுபோய், விடியற்காலையில் மேகம் ஏறுவதற்குள் அளந்துவிட்டு வந்தால், மீதியை நம் ஊரிலேயே ஒரு நடுப்பகலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திருத்திக்கொள்ளலாம். ஆகஸ்டுக்குப் பிறகு ஆப்பிரிக்கக் காட்டுத்தீப் புகை இந்தப் பக்கம் வரத் தொடங்குவதால் பயணம் அதற்கு முன்பே இருக்க வேண்டும்.

இந்தப் பயணச் செலவுக்கு ஒப்புதல் கேட்கிறேன். கருவி வைத்திருக்கும் ஆசிரியர்கள் தயவுசெய்து மே மாத இறுதிக்குள் குறிப்பேட்டோடு திருப்பித் தாருங்கள். காரில் வெயிலில் விட்டு வைக்க வேண்டாம், சூடானால் அளவு மாறும்.