சார்ஜன்ட் விண்ணப்பம் பற்றி மகளுக்கு

அன்பு மகள்,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கதைத்த பிறகு எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. பொலிஸில் சார்ஜன்ட் பதவிக்கு இந்த முறையும் பெயர் கொடுக்கப் போவதில்லை என்றாய். ஏன் என்று கேட்டதற்கு, கிடைத்தாலும் நிறத்துக்குத்தான் கிடைத்தது என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்லுவார்கள் அப்பா என்றாய். நான் "சரி, உன் விருப்பம்" என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அது என் வழக்கம், உனக்குத் தெரியும். வாயால் வராததை எழுதிப் பார்க்கிறேன்.

நீ முதன்முதல் யூனிபோமோடு வீட்டு வாசலில் வந்து நின்ற நாள் ஞாபகம் இருக்கிறதா? நான் கதிரையை விட்டு டக்கென்று எழும்பி, கையில் இருந்த தேத்தண்ணி சாரத்தில் ஊற்றி, அப்படியே விறைத்துப்போய் நின்றேன். அப்பா மரியாதை செய்கிறார் என்று நீ சிரித்துப் படமும் எடுத்தாய். அது மரியாதை இல்லை மகள். என் கால் தானாக எழும்பியது. 1991இல் கொழும்பில் நான் தங்கியிருந்த லொட்ஜுக்கு பொலிஸார் நடுச்சாமம் இரண்டு மணிக்கு வந்து, அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்து ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தப் பொலிஸ் நிலையத்தில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் எழும்பி நிற்க வேண்டும், பிந்தினால் அடி. இரண்டே நாள்தான். ஆனால் அந்த இரண்டு நாளில் பழகின கால், இத்தனை வருசம் கழித்து, கனடாவில், பிரம்ரனில், சொந்த மகளைக் கண்டதும் எழும்பிவிட்டது.

நீ எய்ல்மர் பொலிஸ் கல்லூரிக்குப் பெட்டி கட்டியபோது நான் ஒரு வாரம் முகம் கொடுத்துக் கதைக்காததும் இதனால்தான். அப்போது பயிற்சிக் கட்டணத்தைச் சாட்டினேன். (அதையும் ஒன்ராறியோ அரசு 2023இல் இல்லாமல் செய்துவிட்டது. நாங்கள் கட்டினது கட்டினதுதான்.) கணக்கியல் படித்த பிள்ளைக்கு இது ஏன் என்றும் கேட்டேன். எல்லாம் சாட்டு.

2019 ஒக்ரோபரில், இங்கே பிரம்ரன், மிசிசாகாப் பக்கம் பார்க்கிற பீல் பொலிஸுக்கு நிசான் துரையப்பா தலைவராக வந்தபோது நீதான் செய்தியை அனுப்பினாய். யாழ்ப்பாணத்துக்காரனுக்கு துரையப்பா என்றால் முதலில் விளையாட்டரங்குதான் கண்ணில் வரும், அந்தப் பெயரை ஒரு கனடியப் பொலிஸ் தலைவரின் பெயராக வாசிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இலங்கையில் பிறந்து, சின்னப் பிள்ளையாக இங்கே வந்து, 1995இல் பக்கத்து ஹோல்டன் பொலிஸில் சேர்ந்து, அங்கேயே துணைத் தலைவர் வரை ஏறி, பிறகு பீலுக்கு வந்தவர். கணக்குப் பார்த்தால் இருபத்துநாலு வருசம். அதே இருபத்துநாலு வருசத்தில் நான் பாண் பேக்கரியில் லைன் லீட் ஆனேன், அது வேறு கதை. உங்கள் ஏணியை நீதானே எனக்கு விளங்கப்படுத்தினாய்: கான்ஸ்டபிள், சார்ஜன்ட், ஸ்டாஃப் சார்ஜன்ட், இன்ஸ்பெக்டர், சூப்பரிண்டென்டன்ட் என்று. கடைசியில் தலைவரைத் தெரிவு செய்வது பொலிஸ்காரர் இல்லை, நகரசபை ஆட்களும் மாகாணம் நியமித்த ஆட்களும் இருக்கிற ஒரு சபை என்று நீ சொன்னபோது நான் இரண்டாம் தரம் கேட்டேன். யூனிபோம் போடாதவர்கள் பொலிஸ் தலைவரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பதா!

ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத் தங்கக் களவு பற்றி பீல் பொலிஸார் 2024இல் ரிவியில் சொன்னதை நானும் அம்மாவும் முழுக்கப் பார்த்தோம். 6,600 தங்கக் கட்டி, நானூறு கிலோ, இரண்டு கோடி டொலருக்கு மேல், மீன் ஏற்றினதுக்குக் கொடுத்த ஒரு பழைய கடதாசித் துண்டைக் காட்டி லொறியில் கொண்டு போய்விட்டார்கள். அம்மா இன்றைக்கும் அந்த மீன் துண்டைத்தான் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் அந்தத் தலைவர் கதிரை சிரிப்புக்கான கதிரை இல்லை. 2020 ஜூனில் மிசிசாகாவில் மனநோய் இருந்த 62 வயது மனிதரை பீல் பொலிஸார் அவருடைய வீட்டுக்குள்ளேயே சுட்டபோது, சனம் தெருவில் இறங்கியது, பதில் சொல்ல வேண்டியவர் துரையப்பா. பிறகு இலங்கைக்குப் போய் அங்கத்தைய பொலிஸ் அதிகாரிகளைச் சந்தித்தார் என்று செய்தி வந்தது. நம்மவர்களுக்குக் கோபம், எனக்கும்தான். நம்மாள் என்றதற்காக எல்லாவற்றையும் மெச்ச வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

ஒன்றை மட்டும் நான் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அந்தப் பொலிஸ் நிலையத்தில் ஒரு சார்ஜன்ட் இருந்தார், வயசான சிங்களவர், பெயர் தெரியாது. இரண்டாம் நாள் பின்னேரம் டியூட்டிக்கு வந்தார். நாங்கள் பன்னிரண்டு பேரும் எழும்பி நின்றோம். அவர் கையைக் கீழே அசைத்து "வாடிவென்ன" என்றார். இருங்கள் என்று அர்த்தம். பிறகு ஒரு பொடியனை அனுப்பிப் பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். விடியும்வரை ஒருவருக்கும் அடி விழவில்லை. பெரிய அதிகாரி யார் என்று எங்களுக்குத் தெரியாது, அக்கறையும் இல்லை. அந்த இரவு எங்களுக்கு அரசாங்கம் என்றால் அந்த சார்ஜன்ட்தான்.

நிறத்துக்குக் கிடைத்தது என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். என்னை லொட்ஜில் இருந்து இறக்கினதும் பெயருக்குத்தான், அப்போது ஒருவரும் தகுதி பற்றிக் கேட்கவில்லை. எட்டு வருசம் இரவு ஷிஃப்ட் செய்திருக்கிறாய். போன கிறிஸ்மஸுக்கும் வரவில்லை. இன்னும் என்ன தகுதி வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி எப்போது என்று எழுது, கலண்டரில் குறித்து வைக்கிறேன். அம்மா மிளகாய்த்தூள் வறுத்து இரண்டு போத்தலில் போட்டு வைத்திருக்கிறாள், அடுத்த சனி நானே காரில் கொண்டு வருகிறேன். யூனிபோமோடு இருந்தால் மாற்ற வேண்டாம்.

அப்பா