அலை நேரம் பார்த்து வாருங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து நாளாயிற்று, திட்டாதே. வேலை எல்லாம் நன்றாகப் போகிறது, உடம்புக்கும் ஒன்றுமில்லை. மே மாதம் நீயும் அத்தானும் வந்தால் எங்கே போகலாம் என்று கேட்டிருந்தாய். லண்டனை அத்தான் பார்த்துக்கொள்வார். அங்கே கிங்ஸ் கிராஸில் ரயில் ஏறி நான் இருக்கும் பெரிக்கில் இறங்கிவிடுங்கள். நார்தம்பர்லாந்துக் கடற்கரையை இங்கே தங்கியே ஒவ்வொரு நாளாகப் பார்க்கலாம்.

முதலில் லிண்டிஸ்பார்ன் தீவு. 635இல் எய்டன் என்ற துறவி மடம் கட்டிய இடம். 793இல் வைக்கிங்குகள் கொள்ளையடித்தார்கள். தீவுக்குத் தார்ச்சாலை இருக்கிறது, ஆனால் தினம் இரண்டு தடவை கடல் அதை மூடிவிடும். கவுன்டி கவுன்சில் போடும் அட்டவணையில் கடக்கும் நேரம் இருக்கும். அது ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், அதனால் நேற்றைய நேரம் இன்றைக்கு உதவாது. கணுக்கால் தண்ணீர்தானே என்று வண்டியை விடுகிறவர்கள்தான் மாட்டுவார்கள். அந்தச் சாலையில் இருக்கும் பாலத்தருகே ஓடை ஆழம், இன்ஜின் அங்கேயே நின்றுவிடும். அப்படி மாட்டியவர்கள் ஏறி உட்காரவே உயரமான கால்கள் மேல் ஒரு கூண்டு கட்டி வைத்திருக்கிறார்கள். காற்று பலமாக இருந்தால் அட்டவணை நேரத்துக்கு முன்பே தண்ணீர் வந்துவிடும், ஆகவே கடைசி அரைமணியைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. பெரிக்கிலிருந்து போகும் பஸ்ஸும் அலையைப் பார்த்தே நேரம் மாற்றும், எல்லா நாளும் கிடையாது.

மணலில் கம்பு நட்ட பழைய யாத்திரைப் பாதையும் உண்டு, சுமார் 3 மைல். தண்ணீர் வடியும்போதுதான் இறங்க வேண்டும், கடக்கும் நேரத்தின் முதல் பாதிக்குள் கரையேறிவிட வேண்டும். சேறு முழங்கால்வரை இழுக்கும். அத்தானின் முட்டிக்கு இது வேண்டாம்.

அடுத்து சீஹவுஸஸிலிருந்து படகில் ஃபார்ன் தீவுகள். படகுக் கட்டணம் தனி, தீவில் இறங்க, அதைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்டுக்குக் கட்டணம் தனி. அலை அடித்தால் இறக்க மாட்டார்கள். பஃபின் பறவைகள் ஜூலை கடைசிவரைதான் இருக்கும். ஆலா என்ற கடற்பறவைகள் நடைபாதை ஓரத்திலேயே முட்டையிட்டு, போகிறவர் தலையைக் கொத்தும். தொப்பி கட்டாயம். வெயில் அடித்தாலும் ஸ்வெட்டரை விடாதீர்கள். சூடான காற்று இந்தக் குளிர்ந்த கடல்மேல் வந்தால் பட்டென்று மூடுபனி இறங்கும்.

எனக்குப் பிடித்தது கிராஸ்டர் என்ற மீனவ ஊர். ஹெர்ரிங் மீனை முதுகில் பிளந்து, உப்புநீரில் போட்டு, ஓக் மரத்தூள் புகையில் 16 மணி நேரம்வரை தொங்கவிடுவார்கள். புகைக்கூடத்துச் சுவரெல்லாம் கறுத்து, எண்ணெய் வழிந்து இருக்கும். அங்கிருந்து டன்ஸ்டன்பரோ கோட்டைக்குப் புல்வெளியில் ஒன்றரை மைல் நடை. வண்டி போகாது. 1313இல் கட்டத் தொடங்கியது, இப்போது இடிந்த வாசலும் ஆடுகளும்தான்.

அந்த மீனை வீட்டில் சுட்டால் பக்கத்து வீட்டுக் கிழவர் ஜன்னலைச் சாத்துகிறார். அலை அட்டவணையை வருஷா வருஷம் என் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிறவரும் அவர்தான். அம்மா வைக்கும் கருவாட்டுக் குழம்பு வாசனை வந்தால் என்ன செய்வாரோ! மண்சட்டியில் முந்தின நாள் குழம்பு, அடியில் ஒட்டிய கத்தரிக்காய்... சரி, விடு.

கார் வாடகைக்கு எடுக்க வேண்டாம், பஸ்ஸில் போனால்தான் ஊர் தெரியும். சாப்பாடும் வீட்டிலிருந்தே கட்டிக்கொள்ளலாம். அம்மாவிடம் சொல்லு, பேங்கில் ஏதோ தாமதம், இந்த மாதப் பணத்தை அடுத்த மாதம் சேர்த்து அனுப்பிவிடுகிறேன். கண் ஆபரேஷனை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம், பெரியப்பாவிடம் கைமாற்றாக வாங்கு.

நிலப் பாகத்துக்குப் பவர் பத்திரம் கேட்டிருந்தாய். எடின்பரோ இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். அது ஊருக்கு வந்து 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும், அத்தானை மறக்க விடாதே. அதற்கு முன்னால் சர்வேயரைக் கூப்பிட்டுக் கிணற்றடி வரப்பை அளந்துவிடு. சித்தப்பா என்ன சொன்னாலும் சரி, அளக்காமல் பவரை வெளியே எடுக்காதே.

அன்புடன்,
தம்பி