மாத்திரைச் சோதனையில் மிஞ்சும் கழிவு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அம்லோடிபின், டெல்மிசார்ட்டான் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகளில் மருந்தின் அளவைச் சோதிக்கும் எச்.பி.எல்.சி. கருவி (கரைசலைத் திரவ ஓட்டத்தில் செலுத்தி, அதிலுள்ள பொருள்களைப் பிரித்து அளப்பது), நிமிடத்துக்கு 1 மில்லி லிட்டர் வீதம் இடைவிடாமல் ஓடினால், ஒரே நாளில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் திரவக் கழிவை வெளியேற்றுகிறது. அதில் பெரும்பாலும் நச்சுத்தன்மையுள்ள கரைப்பான்களான அசிட்டோநைட்ரைலோ மெத்தனாலோ கலந்திருக்கும். பல சோதனைகளில் இவற்றுக்குப் பதிலாக நச்சுத்தன்மை குறைந்த எத்தனாலைப் பயன்படுத்த முடியும். நீருடன் சேரும்போது எத்தனாலின் பாகுத்தன்மை கூடி, பம்பின் அழுத்தம் ஏறும் என்பது உண்மைதான் (அழுத்தத்தைக் குறைக்கும் மருந்துக்கே இப்படியொரு சோதனை!). ஆனால், கருவியில் பொருள்களைப் பிரிக்கும் பிரிகைக் குழாயைச் சற்றுச் சூடாக்கினால் அது தணிந்துவிடும்.

2018-இல் வால்சார்ட்டான் என்னும் இரத்த அழுத்த மருந்தில், புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாகக் கருதப்படும் என்.டி.எம்.ஏ. என்னும் மாசு கண்டறியப்பட்ட பின், சோதனைகளைக் குறைக்கலாம் என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள். ஆகவே, எத்தனால் முறைகளை முறைப்படி சரிபார்த்து, மாற்று முறைகளாக ஏற்பது குறித்து, மருந்துகளின் தரநிலைகளை வகுக்கும், காசியாபாத்திலுள்ள இந்திய பார்மகோபியா ஆணையம் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மருந்துப் பகுப்பாய்வாளர் ஒருவர்