ஃபிளாரன்ஸில் இன்னும் பத்து நிமிடம் கொடுங்கள்

இத்தாலிக்குக் குழுச் சுற்றுலா அழைத்துப்போகும் பயண ஏற்பாட்டாளர்களுக்கும், கூடவே வரும் தமிழ் வழிகாட்டிகளுக்கும்,

வணக்கம்.

முதலில் நன்றி. ரோமுக்கும் வெனிசுக்கும் நடுவே, நாற்பது பேருக்கு ரசமும் அப்பளமும் கிடைக்கச் செய்வது லேசான வேலை இல்லை. எந்த நிறுவனத்தோடு போனேன் என்று இங்கே சொல்லப்போவதில்லை. மற்ற சிலருடைய பயணத் திட்டத்தையும் வாங்கிப் பார்த்தேன்; ஃபிளாரன்சுக்கு எல்லாரும் ஒதுக்குவது அதே அரை நாள்தான்.

எங்களுடைய அரை நாள் திங்கட்கிழமையாகப் போய்விட்டது. திங்களன்று உஃபிட்சி அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. அதனால் அதன் வெளி முற்றத்தில் நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம். தூண்களில் மாடம் மாடமாக டஸ்கனி நாட்டுப் பெரியவர்களின் சிலைகள், மொத்தம் 28. எங்கள் வழிகாட்டி லொரென்சோ மெடிச்சியின் சிலைக்குக் கீழே எங்களை நிறுத்தி, ஃபிளாரன்ஸை ஆண்ட மெடிச்சி வம்சத்தின் கதையை இருபது நிமிடத்தில் சொன்னார். நன்றாகவே சொன்னார். 1397-ல் வங்கி தொடங்கிய ஜொவான்னி, நாடு கடத்தப்பட்டு மறுவருடமே திரும்பி வந்து ஊரையே கையில் வைத்துக்கொண்ட கோசிமோ, பத்தாம் லியோ, ஏழாம் கிளெமென்ட் என்று இரண்டு போப்பாண்டவர்கள், பிரான்சுக்குப் போன இரண்டு ராணிகள். 1478 ஏப்ரல் 26, ஞாயிற்றுக்கிழமை, பேராலயத்தில் பூசை நடக்கும்போதே லொரென்சோவின் தம்பி ஜூலியானோவை 19 இடங்களில் குத்திக் கொன்ற கதைக்கு வந்தபோது, வெயிலில் நின்ற எங்கள் கூட்டத்தில் ஒருவர்கூட அசையவில்லை.

அப்புறம் அவர் கடைசியாகச் சொன்னதுதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. "கடைசி ராஜாவுக்குப் பிள்ளை இல்லை. 1737-ல் வம்சம் அழிஞ்சு போச்சு. சரி, வாங்க, தோல் பை மார்க்கெட்டுக்கு நேரமாச்சு."

வம்சம் அன்று அழியவில்லை. இன்னும் ஒருவர் இருந்தார். டஸ்கனியை ஆண்ட அந்தக் கடைசி கிராண்ட் டியூக் (வழிகாட்டி சொன்ன ராஜா) ஜான் கஸ்தோனேயின் அக்கா, அன்னா மரியா லூயிசா. வீட்டுக்கு வந்து அவரைப் பற்றிப் படித்த பிறகு எனக்கு உங்கள் மேல் கொஞ்சம் கோபமே வந்தது. உஃபிட்சி பூட்டியிருந்தாலும் உள்ளே அத்தனை ஓவியங்களும் இருக்கின்றன அல்லவா? அவை அங்கே இருப்பதற்கே அவர் கையெழுத்துதான் காரணம்.

1667-ல் பிறந்தவர். அம்மா பிரெஞ்சு இளவரசி. கணவரோடு ஒத்துப்போகாமல், மூன்று பிள்ளைகளையும் விட்டுவிட்டு 1675-ல் பாரிசுக்கே போய்விட்டார். பிள்ளைகள் மூவருக்கும் கல்யாணம் நடந்தது. மூவருக்கும் வாரிசு இல்லை. அன்னா மரியா லூயிசாவை ஜெர்மனியில் பலாட்டினேட்டை ஆண்ட யோஹான் வில்ஹெல்முக்குக் கொடுத்தார்கள். 1691-லிருந்து டுசல்டோர்ஃபில் வாழ்ந்தார். அங்கே கணவர் சேர்த்துவைத்த ஓவியக் கூடத்தில் ரூபன்ஸ் வரைந்தவை மட்டுமே எத்தனையோ. அன்னா மரியா லூயிசாவின் நகைச் சேகரிப்பில் ஒரு பொருளைப் படத்தில் பார்த்தேன்: உள்ளங்கையில் அடங்கிவிடும் தங்கக் கம்பித் தொட்டில், அதற்குள் முத்தாலான குழந்தை. ஃபிளாரன்ஸின் பிட்டி அரண்மனையில் இன்றும் இருக்கிறது. பிள்ளைக்காக ஏங்கிய வீட்டில் அந்தத் தொட்டிலை யார் யார் எப்படியெல்லாம் பார்த்திருப்பார்கள் என்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1716-ல் கணவர் இறந்தார். மறுவருடம் பிறந்த வீட்டுக்கே திரும்பினார். நாட்டை மகளுக்குத் தர அப்பா முயலாமல் இல்லை; 1713-ல் ஃபிளாரன்ஸ் செனட்டைக் கூட்டித் தீர்மானமே போட்டார். புனித ரோமானியப் பேரரசர் ஆறாம் சார்லஸ் ஒப்புக்கொள்ளவில்லை. 1723-ல் தம்பி பட்டத்துக்கு வந்தார். கடைசிக் காலத்தில் படுக்கையை விட்டே எழாதவர் என்று பேர் வாங்கினார். அவர் உயிரோடு இருக்கும்போதே ஐரோப்பாவின் பெரிய அரசுகள் டஸ்கனியை யாருக்குக் கொடுப்பது என்று தங்களுக்குள் பேசி முடித்துவிட்டன. லொரேன் நாட்டை விட்டுக்கொடுத்த பிரான்சிஸ் ஸ்டீபனுக்கு ஈடாக டஸ்கனி. வீட்டுக்காரரைக் கேட்காமலே விலை பேசி முடித்த வீடு மாதிரி.

தம்பி 1737 ஜூலையில் இறந்தார். அக்காவுக்கு 70 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. நாடு கைவிட்டுப் போயிற்று. ஆனால் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த ஓவியம், சிலை, நூலகம், நகை எல்லாம் குடும்பச் சொத்து, அது அவருடையது. அதே ஆண்டு அக்டோபர் 31-ல் புதிய ஆட்சியாளரோடு 'குடும்ப ஒப்பந்தம்' செய்துகொண்டார். எல்லாவற்றையும் உங்களுக்கே தருகிறேன், ஆனால் எதையும் தலைநகரையும் நாட்டையும் விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது, இதுதான் நிபந்தனை. எதற்காக என்பதையும் எழுதினார்: நாட்டின் அலங்காரத்துக்காக, பொதுமக்களின் பயனுக்காக, வெளியூர்க்காரர்களின் ஆர்வத்தை ஈர்ப்பதற்காக.

அந்த மூன்றாவது காரணத்தை இன்னொரு தரம் படியுங்கள். வெளியூர்க்காரர்கள் என்றால் நாங்கள்தான். தொப்பி, தண்ணீர்ப் புட்டி, முட்டிவலித் தைலத்தோடு உங்கள் பேருந்திலிருந்து இறங்குகிற நாங்கள். உங்கள் தொழிலை நினைத்து ஒரு அம்மா 1737-லேயே ஒரு வரி எழுதிவைத்திருக்கிறார். அவர் பெயரை நீங்கள் சொல்லவில்லை.

அந்த நிபந்தனை இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குப் பக்கத்து ஊர்களே சாட்சி. மாந்துவாவின் கொன்சாகா குடும்பம் கடன் முற்றி, 1627 முதல் தன் ஓவியங்களை இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லசுக்கு விற்றது. மன்னரின் தலை போன பிறகு அவை மறுபடி விலைக்கு வந்தன. அப்படிக் கைமாறிக் கைமாறித்தான் கரவாஜோவின் 'கன்னிமரியின் மரணம்' இன்று பாரிசில் இருக்கிறது. எஸ்தே குடும்பம் 1746-ல் மோதெனாவிலிருந்து நூறு ஓவியங்களை ஒரே விற்பனையில் டிரெஸ்டனுக்குக் கொடுத்தது. எல்லாவற்றையும்விட அன்னா மரியா லூயிசாவுக்கு உறைத்திருக்கக் கூடியது பார்மாவை ஆண்ட ஃபார்னேசே குடும்பத்தின் கதை. அந்தக் குடும்பத்து மகள்வழிப் பேரன், ஸ்பெயின் இளவரசர் சார்லஸ்தான் முதலில் டஸ்கனிக்கு வாரிசாகக் குறிக்கப்பட்டு, 1732-ல் ஃபிளாரன்சுக்கே வந்து போனவர். இரண்டு வருடத்தில் நேப்பிள்ஸைப் பிடித்தார். பார்மாவிலிருந்த தாய்வழிச் சொத்தை, திஷியன் வரைந்த போப்பாண்டவர் படங்கள் உட்பட, அங்கே கொண்டுபோய்விட்டார். இதைப் பார்த்துத்தான் இந்த அம்மா உஷாரானார் என்பது என் ஊகம். புகுந்த ஊரின் நிலையும் பின்னாளில் அதுதான். டுசல்டோர்ஃப் கூடத்தின் ஓவியங்கள் 1806-க்குள் மியூனிக்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன.

ஒப்பந்தம் ஓட்டையே இல்லாததும் அல்ல. மெடிச்சிகளின் 137 காரட் மஞ்சள் வைரம் வியன்னாவுக்குப் போனது போனதுதான். நெப்போலியனின் ஆட்கள் மெடிச்சி வீனஸ் சிலையைப் பாரிசுக்குக் கொண்டுபோய்ப் பல வருடம் வைத்திருந்து, அவர் வீழ்ந்த பிறகே திரும்பத் தந்தார்கள். ஆனால் போத்திசெல்லியின் வீனஸ் ஓவியம் எங்கும் போகவில்லை. திஷியனின் 'உர்பினோ வீனஸ்' எங்கும் போகவில்லை. அதை மெடிச்சி வீட்டுக்குச் சீராகக் கொண்டுவந்தவர் இவருடைய பாட்டி விட்டோரியா தெல்லா ரொவேரே. பாட்டி கொண்டுவந்ததைப் பேத்தி போகவிடவில்லை. முற்றத்து 28 சிலைகளில் ஒன்றுகூடப் பெண் சிலை இல்லை என்பதை ஊருக்கு வந்து புகைப்படங்களை எண்ணும்போதுதான் கவனித்தேன்.

சரி, இப்போது கோரிக்கைக்கு வருகிறேன். ஃபிளாரன்ஸைத் திங்கட்கிழமையில் வைக்காதீர்கள். இது ஒன்றும் ரகசியமல்ல, நாள்காட்டியைப் பார்த்தால் போதும். குத்துக் கதையில் பத்து நிமிடத்தைக் குறைத்து அந்த நேரத்தை இவருக்குக் கொடுங்கள். முடியாவிட்டால் பேருந்திலேயே சொல்லிவிடுங்கள். பிப்ரவரியில் குழு கொண்டுபோகிறவர்கள் 18-ம் தேதியைக் குறித்துக்கொள்ளலாம். 1743-ல் அவர் இறந்த நாள் அது. அதை நினைத்து நகராட்சி அருங்காட்சியகங்களை இலவசமாகத் திறந்துவிடும் வழக்கம் அந்த ஊரில் உண்டு.

இன்னொன்று. நீங்கள் எங்களை ஒரு மணி நேரம் அவிழ்த்துவிட்ட அந்தத் தோல் பைச் சந்தை சான் லொரென்சோ தேவாலயத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மெடிச்சிகளின் கல்லறை மண்டபம் அந்தத் தேவாலயத்தின் பின்பக்கம். 1604-ல் தொடங்கி அவர் காலத்திலும் முடியாமல் கிடந்த அந்த மண்டபத்தின் வேலையைக் கைக்காசு போட்டு நடத்தியவரும் அவரே. அங்கேயேதான் புதைக்கப்பட்டிருக்கிறார். நான் இரண்டு யூரோ குறைக்கச் சொல்லிக் கால் மணி நேரம் பேரம் பேசிய கடையிலிருந்து இரண்டு மூன்று நிமிட நடை. எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் பேருந்தில் பதினான்காம் இருக்கையில் வந்தவன்

பி.கு.: அந்தப் பையின் ஜிப் மூன்றாம் வாரமே போய்விட்டது. அதற்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை என்பது எனக்குத் தெரியும்.