செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. மழைக்காலத்தில் மட்டும் வருகை குறைந்தது. நாம் இந்த ஆண்டு கேட்ட இசையைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல ஆசை.

மேற்கத்திய இசைக்கு ஒதுக்கிய கூட்டங்களில் ஒரே குழுவை எடுத்துக்கொண்டோம். இங்கிலாந்தின் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன், நாடக இயக்குநர் எரிக் க்ரோசியர், ஓவியர் ஜான் பைப்பர் மூவரும் 1947இல் தொடங்கிய இங்கிலீஷ் ஓபரா குரூப். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, பாட்டாலேயே கதை சொல்லும் நாடகமான ஓபராவைப் பெரிய அளவில் நடத்தப் பணம் ஏது? ஆட்களைக் குறைத்து எழுதினால் வெளியூருக்கும் கொண்டுபோகலாம் என்று இறங்கினார்கள். முதல் ஆண்டிலேயே ஹாலந்துக்கும் சுவிட்சர்லாந்தின் லூசர்னுக்கும் போனார்கள். அந்தப் பயணத்தின் செலவு கையைக் கடித்தது. நம் ஊரிலேயே விழா எடுத்தால் என்ன என்று பாடகர் பீட்டர் பியர்ஸ் கேட்க, 1948இல் இங்கிலாந்தில் ஆல்ட்பரா இசை விழா பிறந்தது. கடலோரச் சிற்றூர், சின்ன மண்டபம்.

உறுப்பினர்கள் அதிகம் ரசித்தது பிரிட்டனின் 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' என்ற பேய்க்கதை ஓபரா. 1954இல் வெனிஸின் லா ஃபெனிசே அரங்கில் இக்குழு முதலில் மேடையேற்றியது. வாத்தியக்காரர்கள் 13 பேர்தான். பன்னிரண்டு சுரங்களால் ஆன ஒரு கருவை எடுத்து, காட்சிக்குக் காட்சி அதை மாற்றி மாற்றிப் பதினைந்து விதமாக வாசிக்கிறார்கள். ஆவியாக வரும் க்விண்ட் என்ற பாத்திரம் தோன்றும்போது, சிறு மணிபோல ஒலிக்கும் செலஸ்டா என்ற வாத்தியம் மினுங்கும். அந்த ஒலி கேட்டாலே நம் கூட்டத்தில் பேச்சு நின்றுவிடும். கும்பலாக வாசிக்கும் இசையில் இந்த நுணுக்கம் காதில் விழாது என்பது என் உறுதியான எண்ணம்.

1964இல் சோவியத் நாட்டிலும் பாடினார்கள். அப்புறம் 1975இல் பெயர் மாறியது, 1980இல் குழுவே நின்றது. ஆனாலும் அதற்காக எழுதப்பட்ட ஓபராக்களை இன்றும் பல நாட்டுக் குழுக்கள் மேடையேற்றுகின்றன. இந்தக் குழுவின் உண்மையான புகழ் இதுதான் என்று நினைக்கிறேன்.

வரும் ஆண்டுக்கு 'கர்லியூ ரிவர்' என்ற இசை நாடகத்தைக் கேட்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. டோக்கியோவில் பார்த்த, 'நோ' எனப்படும் ஜப்பானிய மரபு நாடகத்தின் தாக்கத்தில் பிரிட்டன் எழுதியது. 1964இல் இங்கிலாந்தின் ஆர்ஃபர்ட் தேவாலயத்தில் அரங்கேறியது. கையசைத்து இசையை நடத்தும் கண்டக்டர் கிடையாது, ஒருவரை ஒருவர் கவனித்தே வாசிக்கிறார்கள். கச்சேரி கேட்டுப் பழகிய நமக்கு இது அந்நியமாகப் படாது.

இந்த அறிக்கையையும் பரிந்துரையையும் பொதுக்குழு ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

செயலாளர்