பத்து இன்ஜின், ஐந்து பட்டறை

அன்புள்ள துரை,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆடியில் பதில் எழுதுகிறேன். எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் நலம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். முட்டிக்குத் தைலம் மட்டும் தடவிக்கொண்டு உட்காராதே, டாக்டரிடம் போ. சேவியர் அண்ணன் போன் செய்தாரா? என்னிடம் வழக்கம்போலப் "பதினொண்ணேகால் டீ" பற்றித்தான் பேசினார்.

உன் கடிதத்தில் ஒரு வரி ஆறு மாதமாக என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது. "ஜப்பான்காரன் ஒரு இங்கிலீஷ் இன்ஜினை வாங்கினான், பிரித்துப் பார்த்தான், அதே மாதிரி செய்தான்" என்று எழுதியிருந்தாய். நீயா இப்படி? குன்னூர் ஷெட்டில் அத்தனை வருஷம் ஃபிட்டராக இருந்தவன் கையிலிருந்து இந்த வரி வரலாமா?

ஜப்பானின் முதல் ரயில் லைனுக்கு வாங்கியது ஒரு இன்ஜின் இல்லை, துரை. பத்து. அந்தப் பத்தும் ஐந்து பட்டறைகளில் செய்தவை. ஷார்ப் ஸ்டூவர்ட் (மான்செஸ்டர்) நான்கு, ஏவன்சைட் (பிரிஸ்டல்) இரண்டு, டூப்ஸ் (கிளாஸ்கோ) இரண்டு, வல்கன் ஃபவுண்டரி (நியூட்டன்-லெ-வில்லோஸ்) ஒன்று, யார்க்‌ஷயர் இன்ஜின் கம்பெனி (ஷெஃபீல்டு) ஒன்று. எல்லாமே 1871-ல் செய்தவை, எல்லாமே டேங்க் இன்ஜின்கள், தண்ணியைத் தன் மேலேயே சுமப்பவை. முன்னால் ஒரு சின்ன அச்சு, பின்னால் இரண்டு இயங்கும் அச்சு, அதாவது நம் கணக்கில் 2-4-0. தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பக்கத்தில் போய் ஒன்றின் உதிரியை இன்னொன்றில் மாட்டப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். ஒரே வகையில் பத்து வாங்கியிருந்தால் டோக்கியோவின் ஷிம்பாஷி பட்டறையில் உதிரி அலமாரி ஒன்று போதும். இங்கே ஐந்து வேண்டும், ஐந்து கட்டு வரைபடம் வேண்டும், ஃபிட்டரின் தலைக்குள்ளும் ஐந்து கணக்கு வேண்டும். அவனைத்தான் நீ "அதே மாதிரி செய்தான்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டாய்.

பேரனுக்கு மரத்தில், அந்தப் பத்தில் நம்பர் 1 என்று எண் போட்ட இன்ஜினைச் செய்யப்போகிறாயாம். மனசுக்கு ரொம்பச் சந்தோஷம். ஆனால் மரத்தை அறுப்பதற்கு முன்னால் இதைப் படி.

முதலில் தண்டவாளம். ஊட்டி மாடலுக்காக நீ போட்டுவைத்திருக்கும் 50 மி.மீ. தண்டவாளத்தில் இது ஏறாது. உன் ஊட்டி லைன் மீட்டர் கேஜ், அதாவது தண்டவாள இடைவெளி 1000 மி.மீ.; இருபதில் ஒரு பங்கு என்றால் 50. ஜப்பானில் எட்மண்ட் மோரெல் தலைமை இன்ஜினியராக இருந்தபோது முடிவானது மூன்றடி ஆறங்குலம், 1067 மி.மீ. இருபதால் வகுத்தால் 53.35. மூன்று மில்லிமீட்டர் சொச்சத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைக்காதே, சக்கர விளிம்பு தண்டவாளத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். புதிதாகப் போட்டுக்கொள். போடும்போது அடித்தட்டு அகலமான இப்போதைய தண்டவாளம் போடாதே. அப்போது போட்டது இரட்டைத் தலை இரும்புத் தண்டவாளம். மேலும் கீழும் ஒரே உருவம். அதை நாற்காலி என்று சொல்லும் வார்ப்பிரும்புத் தாங்கியில் நிறுத்தி, பக்கத்தில் மர ஆப்பு அடித்து இறுக்குவார்கள். மேல்பக்கம் தேய்ந்ததும் புரட்டிப் போடலாம் என்பது கணக்கு. நாற்காலி உட்கார்ந்த இடமெல்லாம் அடித்தலையில் பள்ளம் விழுந்துவிடும் என்பதால் புரட்டினால் வண்டி தடதடக்கும்; எந்த நாட்டிலும் அந்தக் கணக்கு பலிக்கவில்லை. ஸ்லீப்பர் மரத்தில் இருக்கட்டும். இரும்பு ஸ்லீப்பரைக் கடல் தாண்டி வாங்காதீர்கள், உங்கள் காட்டு மரமே போதும் என்று சொன்னவரும் மோரெல்தான். பாவம், லைன் திறப்பதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1871 நவம்பரில் போய்விட்டார். 1872 அக்டோபர் 14-ல் திறந்தார்கள். ஷிம்பாஷியிலிருந்து யோகோஹாமா 29 கிலோமீட்டர், 53 நிமிஷம், நாளுக்கு ஒன்பது நடை.

அடிப்பலகையில் என்ன வைப்பது என்று கேட்டாயே, கடல் வை. நிஜமாகத்தான் சொல்கிறேன். ராணுவத் துறை நிலம் தர மறுத்ததால் தகனாவா பக்கம் 2.7 கிலோமீட்டருக்குக் கடலுக்குள்ளேயே கல் கட்டி, அந்தக் கரை மேல் லைன் போட்டார்கள். பிறகு சுற்றிலும் கடல் தூர்ந்து ஊராகி, கரை மண்ணுக்குள் போய்விட்டது. 2019-ல் அந்தக் கல்வரிசை மறுபடி வெளியே வந்தது. இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் கல்சுவர், மேலே தண்டவாளம். பேரனுக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது.

இப்போது நம்பர் 1-க்கு வருகிறேன். எண் ஒன்று என்பதை வைத்து, முதல் வண்டியை இதுதான் இழுத்தது என்று பலகையில் எழுதிவிடாதே. அது பதிவேட்டு எண், அவ்வளவுதான். இன்னொன்று, இப்போது சைதாமா ரயில்வே அருங்காட்சியகத்தில் நிற்கும் உருவத்தை அப்படியே செய்துவிட்டு "1872" என்றும் எழுதாதே. பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய இன்ஜினுக்கே ஷெட்டில் எத்தனை கை படும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இது 1911-ல் க்யூஷூ பக்கம் ஷிமாபாரா ரயில்வேக்கு விற்கப்பட்டு, அங்கே 1930 வரை உழைத்தது. அப்புறம்தான் அரசு ரயில்வே, இது நாட்டின் முதல் எண் ஆயிற்றே என்று, வேறொரு இன்ஜினைக் கொடுத்துத் திருப்பி வாங்கிக்கொண்டது. அனுப்பும்போது ஷிமாபாராக்காரர்கள் இன்ஜின் மேல் ஒரு பட்டயம் பொருத்தினார்கள். "பிரிவின் வருத்தத்துக்கு அளவில்லை" என்பது அதன் பொருள். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, துரை. சின்ன லைன், பழைய இன்ஜின். தண்ணி விட்டு, சாம்பல் தள்ளி, எண்ணெய் போட்டு வைத்திருந்த ஜனங்கள்.

உள்ளமைப்பு பார்க்க வேண்டுமென்றால் நம்பர் 1-ஐ விட்டுவிடு. யார்க்‌ஷயர்காரன் செய்த பத்தாம் நம்பர், பிற்பாடு 110 என்று ஆனது, இப்போது யோகோஹாமாவில் சகுராகிச்சோ நிலையத்தோடு சேர்ந்த கட்டடத்தில் இருக்கிறது. 1872-ன் யோகோஹாமா நிலையமே அந்த இடம்தான். பயிற்சிக்காக ஒரு பக்கத்தை அறுத்துத் திறந்துவைத்திருக்கிறார்கள். பாய்லர் உள்ளே எப்படி என்று கண்ணால் பார்க்கலாம். அதன் படங்களைத் தேடி எடுத்துக்கொள்.

சரி, உன் வரிக்குத் திரும்புகிறேன். இங்கிலீஷ் இன்ஜின் என்றாயே, அது பெரிய தீவான ஹொன்ஷூவின் கதை மட்டும்தான். வடக்கே ஹொக்காய்டோவில் நிலக்கரி இறக்க 1880-ல் போட்ட ஹொரோனாய் லைனுக்கு ஜோசப் கிராஃபோர்டு என்ற அமெரிக்க இன்ஜினியர் வந்தார், இன்ஜினும் அமெரிக்கா: போர்ட்டர் கம்பெனியின் 2-6-0. யோஷிட்சுனே, பென்கேய், ஷிசுகா என்று பழைய வீரர் கதைப் பெயர்களையே அவற்றுக்கு வைத்தார்கள். யோஷிட்சுனே வீரன், பென்கேய் அவனுடைய துணை, ஷிசுகா அவன் காதலித்த நாட்டியக்காரி. புகைபோக்கி வைரக்கல் வடிவம், தீப்பொறி வெளியே போகாமல் தடுக்க. முன்னால் மாடு தள்ளி, மேலே மணி. இதெல்லாம் அலங்காரம். நீ பார்க்க வேண்டியது அடிச்சட்டம். இங்கிலீஷ்காரன் ஒரே கனத் தகட்டை வெட்டி இரண்டு பக்கமும் நிறுத்துவான். அமெரிக்கன் கம்பிச் சட்டம் அடிப்பான், ஊடே கை விட்டு வேலை செய்யலாம். சக்கரங்களின் ஸ்பிரிங்கை ஒரு சமநிலைக் கோலால் இணைத்துவிடுவான். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அதன் பாரத்தைப் பக்கத்துச் சக்கரமும் பங்கிட்டுக்கொள்ளும். அவசரமாகப் போட்ட லேசான லைனுக்கு அதுதான் சரி. இங்கிலாந்தில் நன்றாகப் போட்ட லைனுக்குத் தகட்டுச் சட்டம் சரி. இதில் எது உசத்தி என்று நீயும் சேவியர் அண்ணனும் மறுபடி ஆரம்பிக்காதீர்கள்.

தெற்கே க்யூஷூ ரயில்வே 1889-ல் திறந்தபோது ஆலோசகர் ஹெர்மன் ரும்ஷோட்டல், ஜெர்மானியர். இன்ஜினும் ஜெர்மனியின் கிராவுஸ், ஹோஹென்ஸோலர்ன். கிராவுஸ் இன்ஜினைப் பார்த்தால் பக்கத்தில் தண்ணி டேங்கே தெரியாது. அடிச்சட்டத் தகடுகளுக்கு நடுவே பெட்டியாக மூடி, அதற்குள்ளேயே தண்ணி. பாரம் கீழே இறங்கி உட்காரும், இன்ஜின் ஆடாது.

ஆக மூன்று தீவு, மூன்று தேசம். 1906-ல் சட்டம் போட்டு 17 தனியார் ரயில்வேக்களை அரசு வாங்கியதும் இது அத்தனையும் ஒரே ஷெட்டுக் கணக்கில் வந்து விழுந்தது. இங்கிலீஷ் விட்வொர்த் மரையின் கோணம் 55 பாகை, அமெரிக்க செல்லர்ஸ் மரைக்கு 60. ஒரு அங்குல போல்ட்டில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு எட்டுப் புரிதான். அதனால் நட்டு ஏறியும் விடும். ஏறிவிட்டு விளிம்பில் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும், ஓட்டத்தில் தளரும். அரை அங்குலத்தில் பன்னிரண்டுக்குப் பதிமூன்று, அது ஏறவே ஏறாது. ஏறாத நட்டு நல்லது, ஏறுகிற நட்டுதான் ஆபத்து என்று பெரிய மேஸ்திரி சொல்வாரே, நினைவிருக்கிறதா? 1909-ல் எல்லாவற்றுக்கும் புது எண் போட்டார்கள்: 1 முதல் 4999 வரை டேங்க் இன்ஜின், 5000-லிருந்து டெண்டர் இன்ஜின், அதாவது தண்ணியையும் கரியையும் பின்னால் தனி வண்டியில் இழுப்பது.

பெட்டிகளை இணைக்கும் கப்ளிங் அதைவிடத் தலைவலி. ஹொன்ஷூவில் இங்கிலீஷ் முறையில் இடி தாங்க இரண்டு பஃபர், நடுவில் ஸ்க்ரூ கப்ளிங். ஆள் இரண்டு பெட்டிக்கு நடுவே புகுந்து திருக வேண்டும். எத்தனை பேர் நசுங்கினார்கள். 1925 ஜூலை 17 அன்று சரக்கு வண்டிகளை நிறுத்திவிட்டு ஹொன்ஷூ முழுக்க ஒரே நாளில் தானியங்கிக் கப்ளிங்குக்கு மாற்றினார்கள். க்யூஷூவில் ஜூலை 20. புதுக் கப்ளிங்கை முன்கூட்டியே வண்டிகளுக்கு அடியில் தொங்கவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள், அந்த நாள் வந்ததும் கழற்றி முன்னால் மாட்டினால் போதும் என்று. வேலையின் அழகு அதுதான். உன் மாடலுக்கு 1872 என்றால் பஃபரும் ஸ்க்ரூவும்தான் வை.

இனி உனக்கென்றே வைத்திருந்த விஷயம், உசூயி மலை. யோகோகாவாவிலிருந்து கருய்சாவா 11.2 கிலோமீட்டர், அதற்குள் 550 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே ஏற்றம். 1893 ஏப்ரல் 1-ல் திறந்தார்கள். உன் லைன் மாதிரியே ஆப்ட் பல்சட்டம், தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த சட்டம், இன்ஜினின் பல்சக்கரம் அதைப் பிடித்து ஏறும். உன்னுடையதில் இரண்டு சட்டம், அங்கே மூன்று, ஒன்றுக்கொன்று பல் தள்ளிவைத்து. சரிவு 15-க்கு 1. உங்கள் 12-க்கு 1-ஐ விடக் குறைவுதானே என்று நீ மீசையை முறுக்குவாய். ஆனால் அது கோடைக்கு மலை ஏறும் வண்டி இல்லை, அந்தக் காலத்தில் டோக்கியோவிலிருந்து ஜப்பான் கடல் பக்கம் போன முக்கிய லைன். சரக்கெல்லாம் அந்த வழிதான். முதல் இன்ஜின்கள் ஜெர்மனியின் எஸ்லிங்கன் பட்டறை, பிறகு மான்செஸ்டரின் பேயர் பீகாக். உன் லைனின் முதல் இன்ஜின்களைச் செய்த அதே பேயர் பீகாக்.

கஷ்டம் பல்லில் இல்லை, புகையில். 11 கிலோமீட்டரில் 26 சுரங்கம். ஏற ஒன்றேகால் மணி நேரம், அதாவது மணிக்கு ஒன்பது கிலோமீட்டர். சரிவான சுரங்கம் ஒரு சாய்ந்த புகைபோக்கி மாதிரி: சூடான காற்று கீழ்வாயிலிலிருந்து மேல்வாயிலுக்கு ஏறும். வண்டியும் அதே வேகத்தில் ஏறும். அப்போது புகை வண்டியை விட்டு எங்கேயும் போகாது, கூடவே வரும். டிரைவரும் ஃபயர்மேனும் ஈரத்துணியை மூக்கில் கட்டினாலும் எத்தனை நேரம்? அதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? சுரங்கத்தின் கீழ்வாயிலில் ஆள் போட்டு, வண்டி உள்ளே நுழைந்ததும் திரையை இழுத்து மூடினார்கள். பின்னாலிருந்து காற்று வர வழி இல்லை; வண்டி முன்னே போகப் போகப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, புகை பின்பக்கம் இழுபடும். ஒரு துணித்திரை! ஒவ்வொரு வண்டிக்கும், இரவும் பகலும், அந்த மலைக்காட்டில் ஒரு ஆள் நின்று இழுத்திருக்கிறார். எந்தத் தேசத்திலிருந்தும் இறக்குமதி செய்த சாமான் இல்லை அது. அப்படியும் தாங்காமல்தான் 1912-ல் அந்தப் பகுதியை மின்மயமாக்கினார்கள், மூன்றாவது தண்டவாளத்தில் 600 வோல்ட்.

"பிரித்துப் பார்த்து அதே மாதிரி" என்பதற்குக் கடைசியாக ஒன்று. ஜப்பானில் செய்த முதல் இன்ஜின் 1893-ல் கோபே பட்டறையில் முடிந்தது, பிற்பாடு 860 என்று எண் பெற்றது. மேற்பார்வை ரிச்சர்ட் ஃபிரான்சிஸ் டிரெவிதிக், நீராவி இன்ஜினை முதலில் தண்டவாளத்தில் ஓட்டிய டிரெவிதிக்கின் பேரன். அது நகல் இல்லை, காம்பவுண்டு இன்ஜின். ஒரு சிலிண்டரில் வேலை செய்த நீராவியை அடுத்த பெரிய சிலிண்டருக்கு அனுப்பி மறுபடி வேலை வாங்குவது. உன் ஊட்டி லைனின் எக்ஸ் கிளாஸ் இன்ஜினில் பல்சட்டத்துக்குப் போகும் நீராவி செய்கிற அதே காரியம். கிளம்பும்போது பெரிய சிலிண்டருக்கு நீராவி வந்திருக்காது, தனி வால்வு திறந்து பாய்லர் நீராவியை நேரே விட்டால்தான் நகரும் என்பது உன் கைக்குத் தெரிந்த விஷயம். முதல் முயற்சியிலேயே இதை எடுத்துக்கொண்டார்கள் என்பதை யோசித்துப் பார்.

அந்த வரியைத் திருப்பி வாங்கிக்கொண்டதாக ஒரு கார்டு போடு. தேக்கு வேண்டாம், நம்பர் 1-க்கு வேங்கை எடு. சக்கரத்தை முதலில் செய், 53.35 சரியாக வந்த பிறகு சட்டத்தை அறு. பக்க டேங்கின் அளவுகளைத் தனித் தாளில் போட்டு அடுத்த வாரம் அனுப்புகிறேன். முட்டியைக் காட்டிவிட்டு டாக்டர் என்ன சொன்னார் என்றும் எழுது.

அன்புடன்,
நாராயணன்